சுவருக்கு அந்தப் பக்கம்

முதல் ராத்திரி பன்னிரண்டே காலுக்கு அந்தச் சத்தம் கேட்டது. 'தட்'. ஒரே ஒரு முறை, யாரோ ரப்பர் சுத்தியலால் சுவரை அடித்ததுபோல. எழுந்து உட்கார்ந்தேன். கதவை யாரும் தட்டவில்லை. மேல்மாடியில் எதுவும் விழுந்ததாகவும் தெரியவில்லை. கட்டிலின் தலைப்பலகை லேசாக அதிர்ந்து அடங்கியது, அவ்வளவுதான். மறுபடி படுத்துக் கண் சொருகும்போது இன்னொரு 'தட்'. கைப்பேசியைத் தடவி மணி பார்த்தேன். 12:34.

வேறு யாராக இருந்தாலும் புரண்டு படுத்திருப்பார்கள். எனக்கு அது முடியாது. நான் பிழைப்பு நடத்துவதே அதிர்வு அளந்துதான். ஆலைகளில் ஓடும் மோட்டார், பம்ப், ப்ளோயர், கம்ப்ரசர் எல்லாவற்றின் மேலும் காந்தம் வைத்த ஒரு சென்ஸாரை ஒட்டவைத்து, எந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும், எந்த கப்ளிங் நேராக இல்லை என்று சொல்லும் வேலை. ஒரு சத்தம் கேட்டால் அது எதனால் என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் தூக்கம் வராது. தொழில் வியாதி.

இந்த வேலையில் மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். வெளியூர் என்றதும் கடற்கரை, மலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆலை எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில், கம்பெனி ஒத்துக்கொள்ளும் வாடகைக்குள் கிடைக்கிற ஒரு லாட்ஜ். பத்து வருடமாக இப்படித் தங்கியதில் ஒன்று புரிந்திருக்கிறது. ஊர்கள் மாறுகின்றன, தொழிற்பேட்டைப் புறநகர்கள் மாறுவதில்லை. அதே அகலச் சாலை, அதன் இரண்டு ஓரமும் தூங்கும் லாரிகள், பாதி எரியும் பெயர்ப்பலகை, தூரத்தில் வெல்டிங் வெளிச்சம் நீலமாய்ச் சுவரில் பட்டுப் பட்டு மறைவது. நடந்து போகிறவர் எல்லோர் கழுத்திலும் ஒரு அடையாள அட்டை. சுற்றிப் பார்க்க வந்தவர் என்று ஒருவர்கூட இருக்கமாட்டார். ரிசப்ஷனில் 'என்ன விஷயமா வந்தீங்க' என்று கேட்கமாட்டார்கள், 'எந்த கம்பெனி' என்றுதான் கேட்பார்கள்.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. ஆலைகளை ஊருக்கு வெளியே ஓரிடத்தில் திட்டமிட்டு அடுக்கும் வழக்கத்துக்கு மூத்தது மான்செஸ்டரை ஒட்டிய டிராஃபோர்டு பார்க் என்பார்கள். 1894-ல் அங்கே கப்பல் கால்வாய் திறந்தது. 1896-ல் ஒரு பிரபுக் குடும்பத்தின் மான் பூங்கா விலைக்குப் போனது. அப்புறம் பூங்காவுக்குள் தண்டவாளம், கிடங்கு, ஆலை என்று வந்துகொண்டே இருந்தன. 1911-ல் ஃபோர்டு கம்பெனி கார் பூட்டும் ஆலையை அங்கே தொடங்கியது. ஆலைக்கு வேண்டியது சாலை, தண்ணீர், மின்சாரம். அதைப் பார்த்து நிலத்தைப் பிரித்தார்கள். அங்கே வந்து ஒரு ராத்திரி படுக்கப் போகிறவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. லாட்ஜ்கள் பிறகு இடுக்குகளில் முளைத்தவை. என் அறை ஜன்னல் ஒரு கிடங்கின் லாரி நிறுத்துமிடத்தைப் பார்த்து இருப்பதற்கும் அதுதான் காரணம். அந்த இடத்துக்குத்தான் வாடகை குறைவு.

படுக்கையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதும் இந்த மாதிரி இடங்களுக்குப் பழகிய ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஆலை நகரங்களில் 'ஷ்லாஃப்கேங்கர்' என்று ஒரு கூட்டமே இருந்தது. 'தூங்க வருபவர்' என்று பொருள். வீடு இல்லை, அறைகூட இல்லை. இன்னொரு குடும்பத்தின் கட்டிலில் சில மணி நேரத்துக்கு மட்டும் பாத்தியதை. பகல் ஷிப்ட்காரர் எழுந்து போனதும், அந்தச் சூடு ஆறுவதற்குள் ராத்திரி ஷிப்ட்காரர் வந்து படுப்பார். லண்டனில் 1892-ல் ரௌட்டன் பிரபு என்பவர், வேலை தேடி வந்த ஆண்களுக்காக வாக்ஸாலில் ஒரு தங்கும் விடுதி கட்டினார். ஒரு ராத்திரிக்கு ஆறு பென்னி. தலைக்கு ஒரு தடுப்பறை என்பதே அந்தக் காலத்தில் பெரிய ஆடம்பரமாகப் பேசப்பட்டதாம். நான் தலைப்பலகை அதிர்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்த 'தட்'.

மூன்றாவது முறை 12:58-க்கு. பிறகு 1:50. பிறகு 3:20. நடுவில் எப்படியோ தூங்கிவிட்டேன். ஐந்து மணிக்கு மேல் நெருக்கமாக மூன்று: 5:05, 5:20, 5:33. தலைமாட்டில் இருந்த செய்தித்தாள் ஓரத்தில் நேரங்களை எல்லாம் குறித்து வைத்தேன். இயந்திரத்தின் சத்தம் என்றால் ஒரு தாளம் இருக்கும். இதில் தாளம் இல்லை. ஆனால் தாறுமாறாகவும் இல்லை. நள்ளிரவை ஒட்டி நெருக்கம், விடியலுக்கு முன் இடைவெளி, விடிந்ததும் மறுபடி நெருக்கம்.

புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராதது மனப்பிரமை இல்லை. தூக்க ஆய்வுக்கூடங்களில் 1960-களிலேயே இதைக் கவனித்து, முதல் ராத்திரியின் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கம் வந்துவிட்டது. 2016-ல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு காரணமும் கண்டார்கள். புது இடத்தில் முதல் நாள் தூங்கும்போது மூளையின் இடது பாதி முழுசாகத் தூங்குவதில்லை. அந்தப் பாதிக்குச் சேதி சொல்லும் வலது காதில் மெல்லிய ஒலியை விட்டால் சட்டென்று விழிப்பு வந்துவிடுகிறது. மாட்டுக்கொட்டகையில் எல்லாம் படுத்தபிறகும் ஒன்று மட்டும் தலையைத் தூக்கி வைத்திருக்கும் இல்லையா, அதுமாதிரி. இரண்டாம் முறை தூங்கும்போது இந்த வித்தியாசம் மங்கிவிட்டது. அதனால் எந்த லாட்ஜைப் பற்றியும் முதல் நாள் காலையில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டாம் நாள் காலையில் சொல்வேன்.

ஆனால் அறை கேட்கும்போதே சிலவற்றைப் பார்த்துக்கொள்வேன். கடைசி மாடி வேண்டாம், மேலே தண்ணீர்த் தொட்டி. தரைத்தளத்துக்கு நேர் மேல் மாடியும் வேண்டாம், கீழே ஜெனரேட்டர் இருக்கும். லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டவே வேண்டாம். தாழ்வாரத்தின் நடுவில், நடு மாடியில் கொடுங்கள் என்பேன். ரிசப்ஷனில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கட்டில் எப்படி, ஏசி உண்டா, சுடுதண்ணி வருமா என்று கேட்காமல் ஜெனரேட்டர் எந்த மூலையில் என்று கேட்கிறவனை அவர் பார்த்திருக்கமாட்டார். சாவி கையில் வந்ததும் அறையிலிருந்து மாடிப்படிவரை எத்தனை கதவு என்று எண்ணிக்கொண்டே நடப்பேன். புகை சூழ்ந்த இருட்டில் கண் பயன்படாது. கையால் கதவுகளைத் தடவித்தான் வழி பிடிக்க வேண்டும். இந்த லாட்ஜில் ஐந்து கதவு.

உள்ளே போனதும் பையைக் கட்டிலில் போடமாட்டேன். குளியலறை டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்ப்பேன். சின்னக் கறுப்புப் புள்ளிகள், உதிர்ந்த தோல் ஏதாவது தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அது ரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் இருக்கும். ஆகையால் 'இந்த ரூம்ல ரொம்ப நாளா ஆள் இல்லை சார்' என்பது சமாதானமே இல்லை. அதுக்குப் பயம் சூட்டுக்குத்தான். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிழைக்காது. ஊருக்குத் திரும்பியதும் துணிகளைக் கொதிநீரில் அலசுவதை என் வீட்டில் சந்தேகப் பிராணி என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இந்த அறையில் பூச்சி இல்லை. ஆனால் ஜன்னலில் வேறு ஒன்று இருந்தது. அளக்கலாமே என்று சென்ஸாரை ஜன்னல் கம்பியில் ஒட்டிவிட்டு எடுத்தபோது, காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது. கறுப்பாய், பொடியாய். தூசி காந்தத்தில் ஒட்டாது, இரும்புத்தூள் ஒட்டும். பக்கத்தில் எங்கோ நாள் முழுக்க இரும்பைத் தேய்க்கிறார்கள், அதன் அரம்பொடி காற்றில் வந்து ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. துணியால் துடைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். இனி அது திறக்காது.

சாத்தியும் பயன் இல்லை என்பது வேறு கதை. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால்தான் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும். பட்ஜெட் லாட்ஜ் கட்டுகிறவர் சுவரை இரண்டு மடங்கு தடிமனாகக் கட்டுவாரா? அதிலும் கீச்சொலியைச் சுவர் ஓரளவு தடுக்கும், தாழ்ந்த உறுமல் ஊடுருவி வந்துவிடும். மின்மாற்றியின் ரீங்காரம் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் இரும்பு உள்ளகம் வினாடிக்கு 100 முறை நுண்ணளவு நீண்டு சுருங்குகிறது. அந்த 100 ஹெர்ட்ஸ்தான் ராத்திரி முழுக்கத் தலையணைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. காதில் பஞ்சோ ரப்பரோ அடைத்துக்கொண்டாலும், கட்டில் காலில் ஏறி எலும்பு வழியே வருவதை என்ன செய்வது?

இதைவிட ஒரு நுட்பமான எரிச்சல் உண்டு. அடுத்தடுத்து இரண்டு மோட்டார்கள் ஓடும், ஒன்று நிமிடத்துக்கு 1452 சுற்று, மற்றது 1476. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். சேர்ந்து ஓடும்போது வித்தியாசமான அந்த 24 சுற்று, இரண்டரை வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஊஞ்சலாகிவிடும். வ்வூ…ம். வ்வூ…ம். சீரான சத்தத்தை மூளை மறந்துவிடும். இப்படி ஏறி இறங்குவதை மறக்க விடாது. இந்த லாட்ஜின் பின்சுவரில் ஏசியின் வெளி யூனிட்கள் ஏழெட்டு வரிசையாகத் தொங்கின. ஊஞ்சலுக்குப் பஞ்சமே இல்லை.

அப்புறம் லாரி பின்னால் வரும்போது அடிக்கும் 'பீப் பீப்'. ஜப்பானில் 1960-களில் வந்த கண்டுபிடிப்பு, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும், மறுக்கவில்லை. ஒரு மீட்டர் சொச்சம் தூரத்தில் 97 முதல் 112 டெசிபல்வரை அடிக்கும் கருவிகள் அவை. ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய ஒற்றைச் சுருதி என்பதால், கேட்கிறவனுக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடச் சட்டென்று பிடிபடாது. லாரிக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கேட்க வேண்டியது, இரண்டு தெரு தள்ளி மெத்தையில் படுத்திருப்பவனுக்கும் கேட்கிறது. இப்போது சில லாரிகளில் 'ஷ்ஷ் ஷ்ஷ்' என்று இரைச்சலாய் அடிக்கும் புதிய வகை வந்திருக்கிறது. அது பின்னால் நிற்பவனுக்குத் தெளிவாகத் திசை காட்டும், தூரத்தில் கரைந்துவிடும். இதை எல்லா லாரிக்கும் கட்டாயமாக்கினால் நான் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடுவேன். ராத்திரியில் வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரி 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐரோப்பாவுக்கு வழிகாட்டியது. அந்த எண்ணை இந்த ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தால் சிரிப்பு வரும்.

சரி, இவ்வளவு குறையோடு ஏன் இந்த மாதிரி லாட்ஜ்கள் ஓடுகின்றன? நான் இவற்றை மோசம் என்று சொல்லமாட்டேன். உண்மையில் எனக்கு நட்சத்திர ஓட்டல்களைவிட இவற்றின் மேல்தான் மரியாதை. எதை எடுத்தால் ஆள் கோபித்துக்கொள்ளமாட்டான், எதை எடுத்தால் போய்விடுவான் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துச் சோதித்துச் செதுக்கிய பொருள் இது. 1908-ல் பஃபலோ நகரில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் என்பவர் 'ஒன்றரை டாலருக்கு ஓர் அறை, கூடவே ஒரு குளியலறை' என்று விளம்பரம் செய்தார். அறைக்கு அறை குளியலறை என்பது அந்தக் காலத்தில் பணக்காரச் சமாச்சாரம். அவர் செய்தது ஒரு சின்ன வேலை. இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்து, நடுவில் ஒரே செங்குத்துத் துவாரம் விட்டு, எல்லா மாடியின் குழாய்களையும் அதன் வழியே இறக்கினார். செலவு குறைந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஓட்டல்கள் இப்படித்தான் கட்டப்படுகின்றன.

1962-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கட்டுமானத் தொழிலில் இருந்த இரண்டு பேர் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். கட்டுக் கூலி, நில வாடகை, துப்புரவு எல்லாம் சேர்ந்து ஒரு ராத்திரிக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்று பார்த்தார்கள். ஆறு டாலர் வந்தது. விடுதிக்கு 'மோட்டல் 6' என்று அந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். காசு போட்டால் ஓடும் டிவி. 1985-ல் பிரான்சில் 'ஃபார்முல் 1' வந்தது. 9 சதுர மீட்டர் அறை, குளியல் பொதுவில், ராத்திரி வரவேற்பாளர் இல்லை, அட்டையைச் சொருகினால் இயந்திரமே கதவைத் திறக்கும் எண்ணைக் கொடுக்கும். அதற்கும் முன்பே 1979-ல் ஒசாகாவில் குரோகாவா கிஷோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கூண்டு விடுதி அறையையே எடுத்துவிட்டு, படுக்கை நீளத்துக்கு ஒரு பெட்டியை மட்டும் மிச்சம் வைத்தது. எவ்வளவு கழித்தாலும் மிஞ்சுவது படுக்கையும் கதவும்தான். ஆக, நாம் காசு கொடுப்பது அந்த இரண்டுக்கு. பல் துலக்கியைக் காகித உறையில் சுற்றித் தருவதற்கு நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

ஆனால் ஸ்டாட்லரின் அந்தத் துவாரத்தில் ஒரு வினை இருக்கிறது. குழாய் மட்டுமா அதன் வழியே போகிறது? குளியலறையில் நின்றால் பக்கத்து அறையின் தொண்டைச் செருமல், மேல்மாடியின் கைப்பேசிச் சண்டை எல்லாம் அதன் வழியே வந்து சேரும். இரண்டாம் நாள் மாலை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அதிலிருந்தே 'தட்' வந்தது. கூடவே, தட்டுக்கு ஒரு நொடி முன்னால், ஓடிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய உறுமல் நின்றதும் காதில் விழுந்தது. முதல் ராத்திரி அதைத் தவறவிட்டிருந்தேன். சத்தம் தொடங்குவதைத்தான் காது பிடிக்கும், நிற்பதை விட்டுவிடும்.

மோட்டார் நிற்கிறது, உடனே தட்டு. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

ராத்திரி பதினொன்றரைக்குக் கீழே இறங்கினேன். டூட்டியில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர், நாற்காலியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தண்ணி மோட்டார் எங்க இருக்கு?"

"ஏன் சார், தண்ணி வரலையா?"

"வருது. அது நிக்கும்போது எங்க ரூம்ல இடிக்குது."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "207-ஆ சார்? அந்த ரூம்ல எல்லாருமே சொல்வாங்க. பேய் இருக்குன்னு ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டுப் போனார்." அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பின்பக்கம் போய்ப் பார்த்தோம். தொட்டியில் மட்டம் குறைந்தால் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நிற்கும் மோட்டார். அதற்குமேல் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ், வயதானது. மோட்டார் நின்றதும் நான்கு மாடி உயரத் தண்ணீர் கீழே திரும்பப் பார்க்கும். வால்வின் தட்டு அதற்கு முன்பே மூடிக்கொள்ள வேண்டும். பழைய வால்வ் ஆதலால் தாமதமாக மூடுகிறது. அதற்குள் தண்ணீர் பின்னோக்கி ஓடத் தொடங்கி, மூடிய தட்டில் மோதுகிறது. 1898-லேயே மாஸ்கோ குடிநீர்க் குழாய்களை வைத்து ஷுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது நாம் மெதுவாக நடக்கும் வேகத்தில், இரும்புக் குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால் அழுத்தம் பத்து 'பார்' அளவுக்கும் மேல் எகிறும். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்.

நேரங்களுக்கும் அப்போது அர்த்தம் கிடைத்தது. இரண்டாம் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் நள்ளிரவில் குளிக்கிறார்கள். தொட்டி குறையும், மோட்டார் ஓடும், நிற்கும், தட். முதல் ஷிப்ட் போகிறவர்கள் ஐந்து மணிக்குக் குளிக்கிறார்கள். நான் செய்தித்தாள் ஓரத்தில் குறித்து வைத்திருந்தது இந்த லாட்ஜின் குளியல் அட்டவணை. பேய் என்று பயந்தோடிய அந்த ஆள், வேலைவிட்டு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட இருபது பேரைக் கேட்டுப் பயந்திருக்கிறார்.

வால்வ் மாற்றுவது முதலாளி சமாச்சாரம். "சொல்றேன் சார்," என்று அண்ணன் சொன்ன விதத்திலேயே அது நடக்காது என்று தெரிந்தது. ஆனால் இரண்டாம் மாடித் துவாரத்தின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. குழாயைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்ப் ஒன்று, என் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் நேராக இறுக்கப்பட்டிருந்தது. குழாய் உதறும்போதெல்லாம் சுவரை அறைய வேறென்ன வேண்டும்? அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கொண்டுவந்தார். அதை நான்காக மடித்து, கிளாம்பைத் தளர்த்தி, இடையில் கொடுத்து இறுக்கினோம். அடுத்த முறை மோட்டார் நின்றபோது நான் அறைக்குள் நின்று கேட்டேன். 'தட்' போய் 'தப்' ஆகியிருந்தது. காது கொடுத்தால்தான் கேட்கும். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே.

மறுநாள் ஆலையில் வேலைசெய்யும்போதும் இந்தப் பெருமை கொஞ்சம் கூடவே இருந்தது. சாயந்திரம் அறைக்கு வந்து கதவைத் திறந்தால், கீழே ஒரு துண்டுச் சீட்டு. கணக்குப் புத்தகத்தில் கிழித்த தாள், நீல மை.

'207 சார். நான் 208. நைட் ஷிப்ட். காலை ஏழரை மணிக்கு வந்துதான் படுப்பேன். எட்டு மணிக்கு நீங்கள் கதவைச் சாத்தும்போது தூக்கம் போய்விடுகிறது. இரண்டு நாளாக. தயவுசெய்து.'

சீட்டை இரண்டு முறை படித்தேன். மூன்று நாளாக மின்மாற்றி, லாரி, மோட்டார், ஏசி என்று ஊரில் உள்ள எல்லாச் சத்தத்துக்கும் சாதகம் எழுதிக்கொண்டிருந்தவன், என் கதவு எழுப்பும் சத்தத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏனென்றால் அது மூடும்போது நான் ஏற்கெனவே நாலு எட்டு நடந்திருப்பேன். ராத்திரி வேலை உடம்பின் கடிகாரத்தைக் கெடுப்பதால் அது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் வகைப்படுத்தி, 2019-ல் மறுபடி உறுதி செய்தது. இதை ஆலைகளின் பாதுகாப்புக் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டு, தலையாட்டிவிட்டு, லாட்ஜுக்கு வந்து கதவைப் படாரென்று விட்டிருக்கிறேன்.

கதவைத் திறந்து, கையை எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்த டோர் குளோசர் கதவை வேகமாக இழுத்துக்கொண்டுபோய், கடைசி ஒரு சாண் தூரத்தில் அப்படியே விட்டது. சட்டத்தில் 'டமார்'. நெருப்பு, புகை பரவாமல் இருக்கத் தானாக மூடும் கதவு அது, கழற்றிவிட முடியாது. ஆனால் அதன் பக்கவாட்டில் இரண்டு குட்டி ஸ்க்ரூ உண்டு. ஒன்று கதவின் பொதுவான வேகத்துக்கு, மற்றது கடைசி சில டிகிரிக்கு. உள்ளே எண்ணெய் ஓடும் துளையை அவை குறுக்கும், அகலப்படுத்தும். வலப்பக்கம் திருகினால் மெதுவாகும். அரைத் திருகுக்கு மேல் போகக்கூடாது. ஸ்க்ரூ வெளியே வந்தால் எண்ணெய் தலையில்தான்.

கடைசி நாள் காலை ஏழே முக்காலுக்குப் பையைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, அறை நாற்காலியை வாசலில் போட்டு ஏறி நின்றேன். கால் திருகு. விட்டுப் பார்த்தேன், இன்னும் இடித்தது. இன்னும் கொஞ்சம். இந்த முறை கதவு வந்து, தயங்கி, 'க்ளிக்' என்றது. இன்னொரு முறை சோதித்துக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். கையில் சாப்பாட்டுப் பை, கண் சிவந்து, சட்டை முதுகில் உப்பு பூத்திருந்தது. 208-க்கு முன்னால் நின்று சாவியைத் தேடினார். நாற்காலியில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கும் என்னை நிமிர்ந்து பார்த்தார். சீட்டு எழுதியவர் நான்தான் 207 என்று கண்டுபிடித்துவிடுவார் என்று சங்கடமாக இருந்தது.

"அண்ணே," என்றார், "இதை முடிச்சிட்டு அப்படியே என் ரூம் ஏசியையும் ஒரு கை பாத்துடுங்க. கீழ சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. கடகடன்னு ஒரே சத்தம்."

நாற்காலியிலிருந்து இறங்கினேன். வண்டி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"ஓடும்போது அடிக்குதா, நிக்கும்போதா?" என்று கேட்டேன்.